முதல் மிதி

பழைய முதலாளி எட்வினின் கார் ஒரு நாள் தன் கைக்கு வரும் என்று ஷாகிர் ஆறு வருடம் காத்திருந்தான். அதை வெறும் ஆசை என்று சொல்ல முடியாது. தேயாத பிரேக் கிடையாது, தேய்ந்தால் யாராவது ஒருவன் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். மும்பை வடாலாவில் மோனோரயில் தூண்களை ஒட்டியிருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அந்த நாளை அவன் மனத்துக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறான். சில நாள் எட்வின் கெஞ்சினான். சில நாள் கார் கொட்டகையை விட்டு லாரிகள் போகும் சாலையில் இறங்கியது, பிரேக் பிடிக்கவில்லை. இரண்டாவது வகைதான் அடிக்கடி வந்தது. அதற்காக அவன் வெட்கப்பட்டதில்லை.

தாராவி வீட்டிலும் இது நடக்கும். மனைவி மர்யம் கண்டுபிடித்துவிடுவாள்.

"தொழுதுட்டு வந்த கையோட யார சாவடிக்கீங்க மச்சான்?"

"யாரையும் இல்ல."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எட்வின்தான? நல்லா சாவடிங்க. டீ ஆறிப்போவுது, அதக் குடிச்சுட்டு சாவடிங்க."

பிரேக் வேலை தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சக்கரத் தட்டை உரசி நிறுத்தும் பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் காலிப்பர் என்ற இரும்புப் பிடியிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். புதுப் பேடு தடிமனானது. அது உட்கார இடம் வேண்டுமென்றால் பிஸ்டனைப் பழையபடி உள்ளே அமுக்க வேண்டும். அமுக்கிய பிஸ்டன் தானாகத் திரும்பி வராது. வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து அதைப் பேடு வரை கொண்டுவந்து நிறுத்த வேண்டும். மிதிக்காமல் வண்டியை எடுத்தால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டாவது, மூன்றாவது மிதியில் கெட்டியாகிவிடும். அதற்குப் பிறகு யார் வந்து சோதித்தாலும் பிரேக் சரியாகத்தான் இருக்கும். தன் அடையாளத்தைத் தானே துடைத்துக்கொள்ளும் தவறு இது.

ஆறு வருடத்துக்கு முன் மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில், எட்வினின் ஒர்க்‌ஷாப்பில், அந்தத் தவறு நடந்தது. இசக்கிமுத்துவின் டாக்ஸிக்கு முன் சக்கரப் பேடு. எட்வின் தன் கையாலேயே மாற்றினான். மாதா கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட அவசரம். ஷாகிர் பக்கத்தில் வேறொரு வண்டிக்கு அடியில் சைலன்சர் கழற்றிக்கொண்டிருந்தான். எட்வின் ஜாக்கியை இறக்கிச் சாவியைக் கொடுத்தான். இசக்கி வண்டியை எடுத்தான். சந்து முனையில் வாழையிலை விற்றுக்கொண்டிருந்த பார்வதியம்மாளின் இடுப்பு எலும்பு முறிந்தது.

கூட்டம் கூடியது. பதற்றத்தில் இசக்கி மாறி மாறி மிதித்திருந்ததால் பெடல் கல் மாதிரி இருந்தது. எட்வின் அதை ஒரு முறை மிதித்துப் பார்த்தான். இறங்கி வந்தான். வண்டிக்கு அடியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஷாகிரின் கன்னத்தில் அறைந்தான்.

"பிஸ்டன அமுக்கிட்டு மிதிக்காம குடுத்திருக்கான் பாருங்க, இந்தக் கூறுகெட்ட பய!"

என்ன நடந்தது என்பதை எட்வின் மிகச் சரியாகச் சொன்னான். பெயரை மட்டும் மாற்றிவிட்டான். கூட்டம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சட்டை கிழிந்தது, உதடு கிழிந்தது. சாயங்காலம் தனியாக இருக்கும்போது எட்வின் வருத்தம் தெரிவிப்பான், நாளைக்குள் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று ஷாகிர் வாயை மூடிக்கொண்டிருந்தான். முதலாளியை நம்புகிறவன் செய்யும் தப்பு அது. மறுநாள் வேலைக்குப் போனபோது அவனுடைய டிபன் டப்பா வாசலில் வைக்கப்பட்டிருந்தது.

இரண்டு வருடம் செம்பூரில் பஞ்சர் ஒட்டினான். தமிழ் டிரைவர்கள் அவனுக்கு 'மிதிக்காதவன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பஞ்சருக்கு வருகிறவன்கூட, "காத்தாவது அடிச்சு வுடுவியா, இல்ல அதையும் மறந்துருவியா?" என்று கேட்டுச் சிரிப்பான். பார்வதியம்மாள் குச்சி ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, அவனை எதிரே கண்டால் காறித் துப்பிவிட்டுப் போனாள். பிறகு வடாலாவில் கொட்டகை கிடைத்தபோது, வேறு எந்த வேலையும் எடுக்காமல் பிரேக் வேலை மட்டும் எடுத்தான். எந்த வேலையில் பழி விழுந்ததோ அந்த வேலையிலேயே நிமிர வேண்டும் என்ற வெறி. அதை வைராக்கியம் என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். வெறிதான்.

அந்த மார்ச் மாதத்துச் சனிக்கிழமை காலையில் இசக்கிமுத்து கொட்டகைக்கு வந்து நின்றான். டாக்ஸியை விற்றுவிட்டு எட்வினிடமே டிரைவராகச் சேர்ந்து நாலு வருடமாகிறது என்பது ஷாகிருக்குத் தெரியும்.

"பாய், பின் பிஸ்டன் திருகுற டூல் உங்கிட்ட இருக்காமே. அண்ணாச்சி ஒரு மணி நேரத்துக்குக் கேக்காரு."

"எந்த அண்ணாச்சி?"

"தெரியாத மாதிரி கேக்கியே. எட்வின் அண்ணாச்சிதான். சொந்தக் காருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாஷியில மவளுக்கு நிச்சயதார்த்தம். பின் சக்கரம் கர்ரு கர்ருன்னு இரும்பத் தேய்க்குது. பிஸ்டன் உள்ள போவ மாட்டேங்குது."

"டூல் குடுக்கதில்ல. கார் வரட்டும். கூட அவரும் வரட்டும்."

"அவரு எதுக்கு பாய்? நான் கொண்டாறேன்."

"அவரு வந்தா வேலை. வராட்டி, இரும்பு தேஞ்சுக்கிட்டே வாஷி வரைக்கும் போவட்டும். பாலத்துல நல்ல காத்து வரும்."

இரண்டு மணிக்குக் கார் வந்தது. அதன் சத்தம் சந்து திரும்பும்போதே கேட்டது. எட்வின் பட்டு வேட்டியில், சந்தன நிறச் சட்டையில் இறங்கினான். தலை முழுக்க நரைத்திருந்தது. "என்ன ஷாகிர் பாய், நல்லா இருக்கீங்களா?" என்றான். ஐந்து வருடம் 'லேய்' என்று கூப்பிட்ட வாய் அது. ஷாகிர் ஸ்டூலைக் காலால் நகர்த்தி வைத்தான். 

நாலு சக்கரத்துக்கும் பேடு வாங்கி வந்திருந்தார்கள். முன் சக்கரங்கள் சுலபம். பிஸ்டன் முகத்தில் பழைய பேடை வைத்து, சி கிளாம்ப் என்ற இறுக்கியைப் பூட்டி, மெதுவாகத் திருகினால் பிஸ்டன் நேராக உள்ளே போகும். மேலே பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, வழியும் முன் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தான். பின் சக்கரத்தில் அந்த முறை செல்லாது. கைபிரேக்கும் அதே பிஸ்டனில் இருப்பதால் அதை அமுக்கவும் வேண்டும், திருகவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டும். வெறுமனே அமுக்கினால் போகாது. பலமாக அமுக்கினால் உள்ளே இருப்பது உடையும்.

பின் காலிப்பரைக் கழற்றிப் பார்த்தான். ரப்பர் உறையில் கிளாம்பின் தடம் பதிந்திருந்தது.

"இதுல யாரு கிளாம்ப் வச்சு அமுக்குனது?"

"கடையில ஒரு பையன்," என்றான் எட்வின், செல்போனைப் பார்த்தபடி.

"அதே பையன்தானா?"

எட்வின் விரலால் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தான். இசக்கி தொண்டையைச் செருமினான்.

உள்ளே உடையவில்லை. ஷாகிர் டூலை எடுத்தான். வட்டத் தகட்டில் இரண்டு முள், அதற்குப் பின்னால் ஒரு திருகு தண்டு, ஒரு கைப்பிடி. முள்களைப் பிஸ்டன் முகத்திலிருந்த பள்ளங்களில் பொருத்தித் திருகினான். பிஸ்டன் சுழன்றுகொண்டே உள்ளே இறங்கியது. நல்ல டூல் கையில் இருந்தால் இந்த வேலைக்கு மூளை வேண்டாம். மூளை வேறு வேலை பார்க்கத் தொடங்கியது.

மிதிக்காமல் விடலாம். வாசலிலிருந்து லாரிச் சாலைக்கு இருபது அடி. முதல் மிதி தரைக்குப் போகும். அடுத்த மிதியில் எல்லாம் கெட்டியாகிவிடும். போலீஸ் வந்து பார்த்தால் புதுப் பேடு, சரியான பெடல். யாராலும் ஒன்றும் நிரூபிக்க முடியாது. அவன் இதைக் கோபத்தோடு நினைக்கவில்லை. வீட்டுச் சாமான் பட்டியல் போடுவதுபோல நிதானமாக நினைத்தான். இரண்டாவது பின் சக்கரத்தை முடித்து, நாலு சக்கரத்தையும் மாட்டும்வரை அந்த நினைப்பு கூடவே இருந்தது.

அவனைத் தடுத்தது இரக்கம் என்று நான் எழுதமாட்டேன். வண்டியை ஓட்டப்போகிறவன் இசக்கி, எட்வின் பின்னால் உட்காருவான், அது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று: யார் அடித்தது, எதற்காக அடித்தது என்று தெரியாமல் விழும் அடியில் பழி தீராது. அது வெறும் விபத்து. விபத்தில் செத்தால் எட்வின் நல்லவனாகச் செத்துப்போவான். அதை ஷாகிரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜாக்கியை இறக்கினான். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் செங்கல் வைத்தான். பெடலைத் தொடவில்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எட்வினைப் பார்த்தான்.

"வந்து டிரைவர் சீட்டுல ஒக்காருங்க."

"எதுக்கு? இசக்கி ஓட்டுவான்."

"ஓட்ட வேண்டாம். ஒரு மிதி மிதிங்க. அப்பதான் சாவி."

எட்வின் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஏறினான். கால் பெடலுக்கு மேல் போய் அப்படியே நின்றது. முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன். அங்கே என்ன காத்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"மிதிங்க."

மிதித்தான். பெடல் தரையில் போய் டக்கென்று முட்டியது. ஜன்னலோரம் நின்ற இசக்கியின் தோள் ஒரு முறை தூக்கிப் போட்டது.

"அன்னிக்கு ஒங்க காலுக்கு இப்பிடித்தான போச்சு, இசக்கியண்ணே?" என்று ஷாகிர் இசக்கியைக் கேட்டான். இசக்கி தலையாட்டினான். ஷாகிர் எட்வின் பக்கம் குனிந்தான். "இன்னிக்கு மிதிக்காம வுட்டது நான். சொல்லிட்டேன் பாத்தீங்களா? எவ்வளவு லேசா இருக்கு. இப்ப நீங்க சொல்லுங்க. அன்னிக்கு யாரு?"

"பழச எதுக்குல கிண்டுத?"

பழைய 'லேய்' அந்த 'ல'வில் வெளியே வந்துவிட்டது. ஷாகிருக்கு அது பிடித்திருந்தது. எட்வினின் செல்போன் அடித்தது, நின்றது, மறுபடியும் அடித்தது.

"மணி மூணரை. வாஷி பாலத்துல டிராஃபிக் இருக்கும்," என்றான் ஷாகிர்.

"நான்தான்."

"நீங்கதான் என்ன?"

"நான்தான் மிதிக்காம குடுத்தேன். போதுமா?"

"சத்தமா. அன்னிக்கு கேம்ப் முழுக்கக் கேட்டுச்சு."

எட்வின் கத்தினான். "நான்தான்! என் கையாலதான்! நான்தான் மிதிக்கல!" எதிரே லாரிக்கு அடியில் படுத்திருந்த இரண்டு கிளீனர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. "க்யா ஹுவா?" என்று ஒருவன் என்ன நடந்ததென இந்தியில் கேட்டான். மற்றவன் மறுபடியும் படுத்துவிட்டான்.

எட்வின் பெடலைப் பத்துப் பதினைந்து முறை வெறிபிடித்தவன்போல் மிதித்துவிட்டு இறங்கி, செல்போனைக் காதில் வைத்தபடி தூரமாகப் போய் நின்றான். அவன் முதுகு நனைந்திருந்தது. ஷாகிர் அந்த முதுகை ஆசை தீரப் பார்த்தான். இசக்கி குனிந்து செங்கலை எடுத்துக்கொண்டிருந்தான்.

"கேட்டீங்களா இசக்கியண்ணே? ஒங்க காது குளிர அவரு வாயாலயே சொல்லிட்டாரு."

"இதச் சொல்ல வைக்கவா அவர வரச் சொன்ன?" இசக்கி செங்கலை ஓரமாக அடுக்கினான். "அதான் எங்களுக்கு அப்பவே தெரியுமே பாய்."

"என்ன தெரியும்?"

"நீ அன்னிக்கு எங்க கிடந்த? சைலன்சர் வண்டிக்கு அடியில. ஒங் கால் ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நான்தான உள்ள நின்னேன். எனக்குத் தெரியாதா? டீக்கடைக்காரன், எதுத்த கடை ஆளு, எல்லாருக்கும் தெரியும்."

"பார்வதி ஆத்தாவுக்குமா?"

"ஆஸ்பத்திரியில நானே சொன்னேன். அண்ணாச்சிதான செலவெல்லாம் பாத்தாரு. அவரச் சொன்னா ஆத்தாவ யாரு பாக்குறது? அப்புறம் எனக்கு வேலை யாரு குடுத்திருப்பா?" இசக்கி கையைத் தட்டி மண்ணை உதறினான். "ஒன்னச் சொன்னா யாருக்கும் நட்டம் இல்ல பாய். வேற ஒண்ணுமில்ல. மனசுல வச்சுக்காத."

ஷாகிர் சாவியை நீட்டினான். கார் சத்தமில்லாமல் போனது. பிரேக் விளக்கு சாலை முனையில் ஒரு முறை எரிந்து அணைந்தது. நல்ல வேலை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது மர்யம் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்ப ஆறு வருஷமா தப்பான ஆள சாவடிச்சிருக்கோம்," என்றாள்.

"தப்பான ஆள் இல்ல. ஆளு பத்தல."

எட்வின் கத்திய கதையை இசக்கியே கேம்ப்பில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் லேபர் கேம்ப் வண்டிகள் ஒன்றிரண்டாக வடாலாவுக்கு வரத் தொடங்கின. ஷாகிர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் கேம்ப் வண்டி என்றால் ஜாக்கியைத் தொடும் முன் ஒரு கேள்வி உண்டு. ஆறு வருடத்துக்கு முன் இசக்கி டாக்ஸியின் பெடலை மிதிக்காமல் விட்டது யார்? பெயரை வாயால் சொல்ல வேண்டும். சிலர் சிரித்தார்கள், சிலர் நெளிந்தார்கள். "அட விடுங்க பாய்" என்றவனின் வண்டி மூன்று மணி நேரம் வெயிலில் நின்றது, அவனும் கடைசியில் சொன்னான்.

ரம்ஜான் பண்டிகைக்கு முந்தின வாரம் பைசான் என்ற இருபத்திரண்டு வயது டிரைவர் வந்தான். கேம்ப்புக்குக் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கேள்வியைக் கேட்டதும் அவன் விழித்தான்.

"பாய், நான் அப்ப ஸ்கூல்ல இருந்தேன். எனக்கு என்ன மாலூம், என்ன தெரியும்?"

"எட்வின்னு சொல்லு."

"யாரு எட்வின்?"

"அது ஒனக்கு எதுக்கு? சொல்லு."

பைசான் சுற்றும்முற்றும் பார்த்தான். நோன்பு வெயில். உதடு காய்ந்திருந்தது. "எட்வின்," என்றான்.

ஷாகிர் ஜாக்கியை எடுத்து வண்டிக்கு அடியில் தள்ளினான்.