அக்கா விட்டுவைத்த சிவப்பு நாற்காலி

அக்காவின் ஓராண்டு நினைவுநாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தம்பியின் வணக்கம்.

இந்த நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அக்காவின் மகள் தேவி கேட்டபோதே, "மாமா, ஜோக் எழுதக் கூடாது" என்று கட்டளை போட்டுவிட்டாள். எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதில் சிரிப்பு வந்தால் குற்றம் என்னுடையதல்ல, என் வாழ்க்கையினுடையது.

எழுத இன்னொரு காரணமும் உண்டு. அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். பெரிய பாத்திரங்களைக் கழுவப் பயந்து ஓடினேன் என்று உங்களில் பாதிப் பேர் நம்புகிறீர்கள். மீதிப் பேர் அதை அந்தப் பாதிப் பேருக்குச் சொன்னவர்கள். ஓராண்டாக நான் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

அக்கா பிறந்தது சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில். வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டின் தகரக் கூரையில் ஓட்டைகள் இருந்தன. அம்மா புகார் சொன்னால் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வருவார். ஆனால் நல்ல வெயில் நாளாகப் பார்த்து வருவார். அண்ணாந்து பார்ப்பார். "எங்கம்மா ஒழுகுது? காஞ்சுதானே கெடக்கு" என்று சொல்லி, அதையே எழுதிக்கொண்டும் போய்விடுவார். பெரியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஒன்பது வயது அக்காதான், "மழை பெய்யறப்ப வாங்க சார்" என்றாராம். கிராணி சிரித்துவிட்டுப் போனாராம். அப்போது நான் தொட்டிலில் இருந்தேன். என் தொட்டிலும் நனைந்தது என்பது அம்மாவின் கட்சி. அது மழைதானா என்று கடைசிவரை சந்தேகப்பட்டவர் அக்கா.

தோட்டம் விற்கப்பட்டதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. அக்கா கட்டட வேலைக்குப் போனார். முதலில் சிமெண்டு குழைத்தார், பிறகு சாயம் அடித்தார். லோரி ஓட்டிய அத்தானைக் கைப்பிடித்தார். தேவி இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அத்தான் தவறிவிட்டார். அக்கா மூன்று மாதம் யாரோடும் அதிகம் பேசவில்லை. நான்காம் மாதம் ஓர் ஏணியும் பழைய வேன் ஒன்றும் வாங்கி, வீடு பழுது பார்க்கும் கம்பெனி தொடங்கிவிட்டார். ஒழுகும் கூரை, உடைந்த தரை ஓடு, பின்பக்கம் அடுப்படி நீட்டுவது, முன்பக்கம் கார் நிறுத்தக் கூரை போடுவது என்று எல்லாம் செய்தார்.

"பொம்பள கூர மேல ஏறுறதா?" என்று ஒரு வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார்.

"அப்ப நீங்க ஏறுங்கண்ணே, நான் கீழ நின்னு ஏணியப் பிடிச்சுக்கிறேன்" என்றார் அக்கா. அந்த அண்ணன் அன்றைக்கு ஏணியைப் பிடித்தார். அதற்குப் பிறகு அவருடைய தாமான் குடியிருப்பில் பதினைந்து வீடுகளாவது எங்களுக்கு வேலை கொடுத்திருக்கும்.

என் தொழில் வரலாற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும், சுருக்கமாகவே சொல்கிறேன். இன்சூரன்ஸ் விற்றேன். வாங்கியவர் ஒருவர், அவர் அக்கா. சாப்பாட்டுக் கடை வைத்தேன். தினமும் சாப்பிட்டவர் ஒருவர், அவர் நான். கடைசியில் அக்காவே என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். எனக்கு ஏணி என்றால் பயம். மூன்றாவது படிக்கு மேல் கால் நடுங்கும். ஏறத் தெரியாதவனுக்கு என்ன வேலை கொடுப்பது? சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்.

சூப்பர்வைசராக நான் செய்த முதல் சாதனை ஒரு கேட்டுக்குச் சாயம் அடித்தது. அழகாக, நாள் முழுக்க அடித்தேன். சாயங்காலம் அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, நம்ம வீடு எது?" என்றார். நான் அடித்தது பக்கத்து வீட்டுக் கேட். வரிசை வீடுகளில் எல்லாக் கேட்டும் ஒரே மாதிரிதானே இருக்கும்! சொந்த ஊர்க் கம்பத்துக்குப் போயிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் மறுநாள் திரும்பி வந்து, நிறம் பிடித்துப்போய், எங்களுக்குப் பலகாரம் செய்து அனுப்பினார். அக்கா அதை எனக்குத் தரவில்லை. "வீட்டு நம்பர் படிச்சவங்களுக்குத்தான் பலகாரம்" என்று சொல்லி, ஆட்களுக்குப் பங்கிட்டுவிட்டார்.

இப்போது நாற்காலிக் கதைக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் பத்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. கூரை வேலை முடிந்ததும் ஏணி, வாளி, கருவிகள் எல்லாம் வேனில் ஏறும். ஒரு நாற்காலி மட்டும், பழுது பார்த்த இடத்துக்கு நேர் கீழே அந்த வீட்டிலேயே இருக்கும்.

"நாற்காலிய மறந்துட்டீங்களே?" என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

"மறக்கல லா. அது என் எடம். மழை வந்ததும் வந்து உக்காருவேன்" என்பார் அக்கா.

உண்மையாகவே உட்காருவார். வானம் கறுத்தால் போதும், பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு வேனை எடுத்துவிடுவார். போய் அந்த நாற்காலியில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தபடி இருப்பார். மழை விட்ட பிறகும் அரைமணி நேரம் எழுந்திருக்க மாட்டார், தங்கிய தண்ணீர் மெதுவாகத்தான் வழி கண்டுபிடித்து இறங்குமாம். ஒரு சொட்டும் விழாவிட்டால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். விழுந்தால் நாற்காலி அங்கேயே இருக்கும், மறுநாள் ஏணி திரும்பிப் போகும். நாற்காலி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து அடுக்கில் ஏறினால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு. வெயில் காலத்தில் ஈப்போ முழுக்க எங்கள் நாற்காலிகள் சிதறிக் கிடக்கும். ஒரே மழைக்கு இரண்டு வீடு என்றால் கொத்தனார் குமாரை அனுப்புவார். என்னை மட்டும் அனுப்பியதில்லை. "நீ உக்காந்தா தூங்கிடுவ" என்பார். அது அவதூறு அல்ல.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது கையில் ஒரே ஒரு வேலை மீதம் இருந்தது. சுங்கை சிப்புட்டில் ஞானம்மா டீச்சரின் வீடு. தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். அவருடைய அடுப்படியில், பழைய சுவரும் புதுக் கூரையும் சேரும் இடத்தில் ஒழுகியது. அக்காவால் எழுந்து நடக்க முடியவில்லை. குமாருக்கு டெங்கிக் காய்ச்சல். ஆகவே சூப்பர்வைசர் ஏணி ஏறினார். ஐந்தாவது படிவரை முருகன் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் அக்கா பெயரைச் சொன்னேன். தகடு அடித்து, பசை பூசி, இறங்கி, நானே என் கையால் ஒரு சிவப்பு நாற்காலியை அங்கே வைத்துவிட்டு வந்தேன்.

பிறகு மழையே இல்லை. அக்காவின் கட்டிலை முன்கூடத்தில் சன்னலோரம் போட்டிருந்தோம். தினமும் காலையில், வலிக்கு மாத்திரை கேட்பதற்கு முன்பே, "வானம் எப்படிடா இருக்கு?" என்று கேட்பார்.

ஒருநாள் மதியம் ஈப்போவில் கொட்டியது. "போடா, டீச்சர் வீட்டுக்குப் போய் உக்காரு. இந்தத் தடவ நீதான்" என்றார். கிளம்பினேன். பாதி வழியில் இருக்கும் சிம்மோர் வரை போனேன். அங்கே ஒரு கடையில் ஒதுங்கி ரொட்டி சானாய் சொன்னேன். மழைக்குப் பயந்து ஒதுங்கவில்லை. அக்கா இல்லாமல் நான் தனியாகச் செய்த முதல் வேலை அது. ஒழுகினால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இருப்பதோ சில வாரங்கள். நான் உருப்படாதவன்தான் என்று தெரிந்துகொண்டு அவர் போக வேண்டுமா? இரண்டாவது ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

"உக்காந்து பாத்தியா?"

"பாத்தேன்கா. அங்க செம மழ. ஒரு சொட்டு இல்ல."

"தூங்கலையே?"

"சத்தியமா தூங்கல." இது ஒன்றுதான் உண்மை.

"டீச்சர் தேத்தண்ணி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. சீனிதான் கொஞ்சம் தூக்கல்."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "சரி. தலையத் துவட்டு, சளி பிடிக்கும்" என்றார். தப்பித்தேன் என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து, ஒரு காலை நேரத்தில், தேவியின் கையைப் பிடித்தபடி அக்கா போய்விட்டார். அவருக்கு அறுபத்து மூன்று வயது.

துக்கத்துக்கு வந்தவர்களை உட்காரவைக்க, குமார் வாசலில் இருந்த நாற்காலி அடுக்கைப் பிரித்தான். என்னிடம் வந்து மெதுவாக, "அண்ணே, ஒன்பதுதான் இருக்கு. ஒன்னு வெளிய நிக்குது போல" என்றான்.

நானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். நாற்காலியைக் கொண்டுவர வேண்டும் என்பது பொய் சொன்னவனுக்குத் தோன்றவே இல்லை! அந்த அடுக்கு அக்காவின் கட்டிலுக்கு எதிரே, சன்னலுக்கு வெளியே. மூன்று வாரமும் அக்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தார். பத்துவரை எண்ணத் தெரியாதவரா அவர்?

பதினாறாம் நாள். நீங்கள் எல்லாரும் இலையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் சாம்பார் வாளியோடு நின்றேன். வடக்கே, சுங்கை சிப்புட் பக்கம் வானம் கறுத்தது. வாளியைப் பெரியப்பா மகன் கையில் கொடுத்தேன். அவர் ஏன் என்று கேட்பதற்குள் மோட்டாரை உதைத்துவிட்டேன்.

இந்தத் தடவை சிம்மோரில் நிற்கவில்லை. சொட்டச் சொட்டப் போய் நின்ற என்னைப் பார்த்து, டீச்சர் ஆச்சரியமே படவில்லை. "வாங்க தம்பி. உங்க எடம் அங்கதான் இருக்கு" என்றார். அடுப்படியில் அந்தச் சிவப்பு நாற்காலி, நான் வைத்த இடத்திலேயே இருந்தது. உட்கார்ந்தேன். அண்ணாந்தேன். தகரத்தின் மேல் மழை இடித்தது.

டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஒரு மடக்கு குடித்தேன். துளி இனிப்பு இல்லை.

"நம்ம வீட்ல சீனி வாங்குறதே இல்ல தம்பி, எனக்கு இனிப்பு நீர் வியாதி. உங்க அக்காவுக்குத் தெரியும்" என்றார்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். டீச்சரே தொடர்ந்தார்.

"அன்னைக்கு ஈப்போல மழையாமே. மறுநாள் உங்க அக்கா போன் போட்டாங்க. இங்க தூறல்கூட இல்லேன்னு சொன்னேன். சிரிச்சாங்க, கூடவே இருமுனாங்க. அப்புறம் சொன்னாங்க, 'டீச்சர், நாற்காலிய எடுத்து உள்ள வச்சிராதீங்க. அவன் வருவான். பயந்துகிட்டு இருக்கான், கொஞ்சம் லேட்டாகும்'னு."

அப்போது என் உச்சந்தலையில், முடி இருந்திருந்தால் தெரிந்திருக்காது, ஒரு சொட்டு விழுந்தது. சரியாக நடு வழுக்கையில். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அழுதேனா சிரித்தேனா என்று டீச்சரைக் கேளுங்கள், இன்று வந்திருக்கிறார். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மறுநாள் ஏணியோடு போனேன். குமார் வருகிறேன் என்றான். கீழே நின்று பிடித்தால் போதும் என்றேன். தகட்டின் ஒரு முனை சுவரோடு ஒட்டாமல் விரல் நுழையும் அளவு தூக்கி நின்றது. கழற்றி, சுவரைக் கொத்தி, தகட்டை உள்ளே பதித்துப் பூசினேன். ஆறு நாள் கழித்து மழை வந்தது. போய் உட்கார்ந்தேன். மழை விட்டது. அதன் பிறகும் அரைமணி நேரம் இருந்தேன். ஒரு சொட்டும் இல்லை. நாற்காலியை மோட்டாரின் பின்னால் கட்டி, ஈப்போவரை நாற்பது நிமிடம் ஓட்டிவந்து, சன்னலுக்கு வெளியே அடுக்கின் மேல் வைத்தேன். உள்ளே கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. ஆனாலும் சன்னலைப் பார்த்து, "பத்துக்கா" என்று சத்தமாகச் சொன்னேன். தேவி எட்டிப் பார்த்து, "யார்கிட்ட மாமா பேசறீங்க?" என்றாள். "முதலாளிகிட்ட" என்றேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. அக்காவின் கடைசி மாதங்களில் வீடு தேடி வந்து பார்த்த அரசு மருத்துவமனைத் தாதியர்களுக்கு. தினமும் கஞ்சி காய்ச்சி அனுப்பிய எதிர்வீட்டு சீன அம்மாவுக்கு. அந்தக் கேட் சாயத்தை இன்றுவரை மாற்றாமல் வைத்திருக்கும், துக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நின்ற மக்சிக்குக்கு. டெங்கியிலிருந்து எழுந்த மறுவாரமே கம்பெனியைத் தோளில் தூக்கிக்கொண்ட குமாருக்கு. நாற்காலியை நகர்த்தாமல் வைத்திருந்த டீச்சருக்கு. சாம்பார் வாளியை வாங்கிக்கொண்ட அண்ணனுக்கு. அன்று பாத்திரங்களைக் கழுவிய அத்தனை பேருக்கும், தாமதமான நன்றி, கூடவே மன்னிப்பு.

நான் பொய் சொன்னது தெரிந்தும், நான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போன அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஏணியில் இப்போது எட்டாவது படிவரை போகிறேன். அதைத்தான் நன்றியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. இன்று பூசைக்கு வந்து சிவப்பு நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்கள் எண்ணிப் பார்த்தால் எட்டுதான் இருக்கும். யாரும் தேட வேண்டாம். ஒன்று பாரிட் புந்தாரில் ஒரு வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, இன்னொன்று கோலா கங்சாரில் ஒரு கழிவறைக் கூரைக்குக் கீழே. இரண்டும் மழைக்குக் காத்திருக்கின்றன. பூசை நடக்கும்போது வானம் கறுத்தால் நான் எழுந்து போய்விடுவேன். பெரிய பாத்திரங்களைத் தயவுசெய்து ஊறப்போட்டு வையுங்கள். வந்து கழுவுகிறேன். கொஞ்சம் லேட்டாகும்.