தட்டின் அடிப்பக்கம்

யாராவது எதையாவது ஓசியில் கொடுத்துவிட்டால் போதும், அம்மாவைக் கையில் பிடிக்க முடியாது. வேலையாட்களை மேய்த்த கங்காணியின் வீட்டு மருமகள் எங்கள் ரப்பர் தோட்டத்தைக் காலி செய்துகொண்டு தெமியாங்குக்குக் குடிபோனபோது, பின்கட்டில் கிடந்த பழைய பீங்கான் தட்டுகளை அம்மாவிடம் தள்ளிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் அதை மங்கு என்போம். ஓரமெல்லாம் நீலப் பூ. அந்த வாரக் கடைசியில் அக்காவைப் பெண் பார்க்க ரெம்பாவிலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளை, அக்கா வேலை செய்த அதே தொழிற்சாலையில் இருந்தார். அக்காவுக்கு அவர்மேல் உயிர். பலகாரத்தை இந்த மங்கில்தான் வைப்பது என்று அம்மா முடிவு செய்துவிட்டார்.

ஆனால் தட்டுகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. மயிரிழை விரிசல்களில் எல்லாம் பழுப்புக் கறை ஏறியிருந்தது. சாம்பல், எலுமிச்சை, சவர்க்காரம் எதற்கும் அது மசியவில்லை. கடைசியில் தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கட்டும் டிரெசர், காயம் கழுவும்போது நுரைக்கும் மருந்துத் தண்ணீரைக் கொடுத்தார். அதில் ஊறப்போட்டு, மூடி, வெயிலில் வைத்தோம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஓடிப்போய்த் திறந்து பார்ப்பேன். கறை கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஒவ்வொரு தட்டின் அடியிலும் இருந்த கருப்புத் தார்ப்புள்ளி மட்டும் அப்படியே நின்றது. அடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் அம்மா. அவர் சுவா பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர்.

பால்மரம் சீவிவிட்டு வந்த அப்பா ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தார். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, மரம் சீவும் கத்தியால் அந்தப் புள்ளிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்பா வீட்டு வேலையில் கை வைத்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கேலி பொங்கியது.

“சாப்பிடற பக்கம் மேல இருக்குப்பா.”

“தெரியும்லா,” என்றார், நிமிராமல்.

வந்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, கேசரி வைத்த தட்டை வாங்கும்போதே பூவை விரலால் தடவினார். அப்புறம் தட்டைத் தலைக்கு மேல் உயர்த்தி அடியைப் பார்த்தார். அங்கே பளபளப்புப் பூச்சு இல்லாத தட்டின் களிமண்ணில் தார் ஊறிப் போயிருந்தது. அப்பா எவ்வளவு சுரண்டியும் நிழல் போல ஒரு வட்டம் மிச்சம். பெரியப்பா தட்டைத் தரையில் வைத்தார்.

“இந்தப் புள்ளி வச்ச மங்குல திங்க வேணாம்னுதாம்மா எங்கப்பா எங்கள இந்தத் தோட்டத்துலேர்ந்து ரெம்பாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு,” என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்தார். “அவங்களுக்குத் தெரியாது, சரி. நீ இந்தத் தோட்டத்துப் புள்ள, ஒனக்குமா தெரியாது?”

கேசரியை யாரும் தொடவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. அக்கா அந்தத் தொழிற்சாலை வேலையையும் விட்டார்.

நான் வளர்ந்த பிறகு அக்காதான் சொன்னார். கங்காணி வீட்டார் தங்களை உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள். வரிசை வீடுகளான எங்கள் லயத்து ஆட்கள் அங்கே வேலைக்குப் போனால் பின்கட்டில் சோறு போடுவார்கள். அந்தத் தட்டு வீட்டுத் தட்டோடு கலந்துவிடக் கூடாது என்றுதான் அடியில் தார். சிறு வயதில் அப்பா தின்றதும் அதில்தான். அதை எங்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சுரண்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறார்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. அழுக்குத் தட்டில் வைத்துவிட்டோம், அதனால் கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அக்கா உள்ளே அழுதுகொண்டிருந்தார். நான் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போய், கம்பி நாரால் அடியைத் தேய் தேய் என்று தேய்த்தேன். அவர்கள் வந்த கார் இன்னும் மெயின் ரோட்டுக்குப் போயிருக்காது, வெள்ளையாக்கி ஓடிப்போய்க் காட்டிவிடலாம் என்று.