தொட்ட காய்

அந்த விரல்தான் முதலில் ஞாபகம் வருகிறது. சதுரங்கப் பலகைக்கு மேலே வந்து, மந்திரியின் தலையைத் தொட்டு, தடவி, விலகியது. பக்கத்தில் குதிரையின் காதைக் கண்டுபிடித்த பிறகே காயைத் தூக்கியது. எதிரே இருந்தவர் திருகோணமலைத் துறைமுகத்தில் கிறேன் ஓட்டியவர். அண்ணை என்றே கூப்பிடுவோம். கப்பலின் அடித்தட்டில் மூடை அடுக்கும் எங்கள் தலைக்கு மேலேதான் அவருடைய கொக்கி வந்து போகும்.

அது ஊர்க் கழகங்களின் சதுரங்க லீக்கில் கடைசி ஆட்டம். அவர் துறைமுகக் கழகம், நான் மாதா கோயில் கழகம். நான் வென்றால் கிண்ணம் எங்களுக்கு. என் கைதான் ஓங்கியிருந்தது. தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்பது சட்டம். மந்திரியை நகர்த்தினால் அவருடைய இராணி போய்விடும். நான் வாயைத் திறந்தால் போதும். ஆனால் நடுவராக நின்றவர் துறைமுக மேற்பார்வையாளர். ஏன் தடவினீர் என்று கேட்பார். கண் தெரியாதவருக்குக் கிறேன் இல்லை. அவர் வீட்டில் கல்யாணத்துக்கு நின்ற பெண்பிள்ளைகள். வெற்றி தோல்வி வேண்டாம், சமன் என்று கையை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

வெளியே வந்ததும் எங்கள் கழகப் பொடியள் பிடித்துக்கொண்டார்கள். "என்னடா, அவரின்ர வீட்டில பொம்பிளை கேட்டிருக்கிறியோ?" என்றான் ஒருவன். நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் காலை அண்ணை துறைமுக வாசலில் எனக்காக நின்றார்.

"வெல்லுற ஆட்டத்தில ஏன் சமன் கேட்டனீ?"

"சும்மாதான், அண்ணை."

"கண்டிட்டாய், என்ன?"

அவர் கிறேன் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"மேல இருந்து பார்த்தால் உங்கட தலையும் மூடையும் எனக்கு ஒண்டுதான். அங்க நீ சமன் கேக்கேலாது, தம்பி."

கிறேன் பக்கம் போகவில்லை. அலுவலகத்துக்கு நடந்தார். தன் கண்ணைப் பற்றித் தானே போய்ச் சொன்னார். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தேன். அந்தச் சமன்தான் அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது.

இன்று அவருடைய அந்த வயதையும் நான் தாண்டிவிட்டேன். அவர் அன்றைக்கும் கிறேனில் ஏறியிருந்தால் இந்த வயது எனக்கு வந்திருக்குமோ தெரியாது.

வேலை போய்ச் சில வருடம் கழித்து அவரைச் சந்தையடியில் கண்டேன். மூத்த மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அவள் கழுத்தில் தாலி இல்லை. வழியில் மீன்பெட்டி ஒன்று கிடந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்தேன். சத்தம் கேட்டு அண்ணை நின்றார்.

"ஆர் அது, பிள்ளை?"

அவளுக்கு என்னைத் தெரியாது.

"ஆரோ ஒராள், அப்பா. வழி விடுறார்."