பனச்சமூடு தாண்டியும் இறங்காத சர்க்கரை

வயிற்றில் பிள்ளை உண்டு என்று உறுதியானதும் நெய்யாற்றின்கரைக்கு டாக்டரைப் பார்க்கப் போனேன். கணவரும் அவருடைய அம்மாவும் கூட வந்தார்கள். மாமி வந்தது டாக்டர் சொல்வதைக் கேட்க அல்ல, டாக்டருக்குச் சொல்ல.

ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்த டாக்டர், வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சில மாதச் சராசரியைக் காட்டும் அளவும் வரம்பின் ஓரத்தில் நிற்பதாகச் சொன்னார். என் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.

"இப்போ நோயோ சூக்கேடோ ஒண்ணுமில்ல. போகப் போக வரச் சாத்தியம் உண்டு, கேட்டோ. இப்பமே சாப்பாட்டைக் கவனிக்கணும், நடக்கணும்."

மாமி முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தார். மிச்சத்தைக் கேரள எல்லையோரத்து எங்கள் ஊர் குன்னத்துகால் எடுத்துக்கொண்டது. அடுத்த நாளே பக்கத்து வீட்டுக்காரி வந்து, காலில் ஆறாத புண் ஏதும் உண்டா என்று கரிசனமாக விசாரித்துப் போனாள்.

"ஈர்க்குச்சி போல இருக்கவளுக்கு சுகர் எப்படி வரும்? அந்த லேப்புல மெஷின் கேடாக்கும்" என்றார் மாமி.

அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டினால் என் கணவர் உடனே வண்டிச் சாவியைத் தேடுவார். "பனச்சமூட்டுக்குப் போவோம். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு லேப் உண்டு" என்றார். எல்லை தாண்டினால் பெட்ரோல் விலை இறங்குவதுபோல் என் சர்க்கரையும் இறங்கும் என்று அந்தப் படித்த மனிதர் நம்பினார். அங்கே எடுத்த ரத்தமும் அதே இடத்தில்தான் நின்றது.

"ரெண்டு லேப்பும் ஒரே ஆளுக்க சொந்தமாக்கும்" என்று மாமி தீர்ப்புச் சொன்னார்.

நான் நடக்கத் தொடங்கினேன். சோற்றைக் குறைத்தேன், சாயாவில் சீனியை நிறுத்தினேன். மாமி சளைக்காமல் போட்டார், நான் சளைக்காமல் கொட்டினேன். இருந்தும் ஆறாம் மாதம் குளுக்கோஸ் குடித்துப் பார்த்த பரிசோதனையில் அளவு வரம்பைத் தாண்டிவிட்டது. லேப் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குள்ளே இருப்பதற்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருந்தது.

மாமிக்கு எந்தப் பயமும் இல்லை. "எலே, சீனி வெள்ளத்தக் குடிக்கக் குடுத்துட்டு, ரத்தத்துல சீனி உண்டுன்னு சொல்லுதானுவ. இது என்ன நியாயம்?" என்று மகனிடம் கேட்டார். மகன் நியாயம்தானே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஏழாம் மாதம் வயறு காணல் வந்தது. பிறந்த வீட்டார் பலகாரத்தோடு வந்து பெண்ணைப் பார்த்துப் போகும் சடங்கு. கடலையும் முட்டையும் போதும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அது மாமியின் காதுக்கு எட்டியது.

"கடலையும் முட்டையுமா? வயறு காணலா, கள்ளுக்கடையா?"

அம்மா பயந்துபோய் லட்டும் முந்திரிக்கொத்தும் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார். கூட்டத்துக்கு நடுவில் மாமி ஒரு லட்டை என் வாயருகே கொண்டுவந்தார். "தின்னு மக்கா, பிள்ளைக்கு ஆசை இருக்கும்."

"பிள்ளை எங்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல மாமி. நான் திங்க மாட்டேன்."

மாமி லட்டைக் கீழே இறக்கவில்லை. அன்றுதான் கணவர் முதன்முறையாக என் பக்கம் நின்றார். அந்த லட்டை வாங்கி அவரே தின்றார். என் பங்கு முழுவதையும் தின்று தீர்த்தார்.

விரலைக் குத்திக் குத்தி, அளந்து அளந்து தின்று, பெண் குழந்தையைப் பெற்றேன். சரியான எடை, ஒரு குறையும் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிள்ளை மெலிந்துபோனதாக வருந்தினார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தபோது என் சர்க்கரையும் இறங்கியிருந்தது. மாமி தன் பிரார்த்தனை பலித்ததாக உறவுக்கெல்லாம் ஃபோன் செய்தார்.

பிற்காலத்தில் திரும்ப வரலாம், ஆண்டுதோறும் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஸ் ஏறித் தனியாகப் போகிறேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்வதால் அந்த ஒரு காலையில் மட்டும் யாரும் எனக்கு எதையும் ஊட்ட முடிவதில்லை.