தாரா வேட்டைக்குப் போன தோள்

சும்மா கிடைக்கிற எதையும் நான் இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பேன். இங்கே இத்தாலியில், பல்லரோ சந்தையில் மீன்காரன் தானாக ஒரு மீனைக் கூடப் போட்டால், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைப்பேன். ஆகவே நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, எங்கள் சிஞ்ஞோரா, ஒருநாள் தன் கையாலேயே எனக்குக் காப்பி போட்டுத் தந்துவிட்டு, "என்னோடு தாரா வேட்டைக்கு வருகிறாயா?" என்று கேட்டபோது, இவருக்கு என்னிடம் என்ன தேவை என்பதுதான் எனக்கு வந்த முதல் யோசனை.

சிஞ்ஞோராவுக்கு என் வயதுதான் இருக்கும். மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டில் கூட்டுவது, துடைப்பது, சமைப்பது, உடுப்பு மினுக்குவது எல்லாம் நான்தான். குளிர்காலம் வந்தால் அவர் தம்பியோடு ஏரிக்குப் போய்த் தாரா, அதாவது காட்டு வாத்து, சுடுவார் என்பது எனக்குத் தெரியும், சேறு பிடித்த சப்பாத்தைக் கழுவுகிறவன் நான். அந்தத் தம்பிக்கு வடக்கே வேலை கிடைத்துப் போய்விட்டது. புருஷனோ பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்துகிறவர். தனியாக ஏரிக்குப் போகக்கூடாது என்று அவர் ஒரே பிடியாக நிற்கிறாராம். அதனால்தான் என்னைக் கேட்பதாகச் சிஞ்ஞோரா சொன்னார். காரணம் நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுதான் இருந்தது, அது என் மனைவி. எங்கள் வீட்டில் துவக்கு, துப்பாக்கி என்ற சொற்களே புழங்குவதில்லை. தொலைக்காட்சியில் யாராவது துவக்கோடு வந்தால் அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள், அல்லது பெட்டியை நிறுத்திவிடுவாள். ஊரில் அவளுடைய அண்ணன் வெங்காய மூட்டை சுமந்து லொறியில் ஏற்றுகிற வேலை செய்தவர். ஒருநாள் தங்கையான இவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனபோது சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, தோளைப் பார்த்தார்கள். தோளில் ஒரு தடிப்பு இருந்தது. இயக்கத்துப் பெடியன், இது துவக்குப் பிடித்த அடையாளம் என்றார்கள். அவள் பள்ளிக்கூட உடுப்போடு நின்று, அது மூட்டை தூக்கினது என்று அழுது சொல்லியிருக்கிறாள். அண்ணனைக் கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. இன்றுவரை எந்தத் தகவலும் இல்லை. இதை அவள் எனக்குக் கலியாணம் முடித்த புதிதில் சொன்னாள். அதன்பிறகு அந்தப் பேச்சே எடுத்ததில்லை.

அன்றைக்கு நான் சிஞ்ஞோரா கேட்டதைச் சொன்னதும், அவள் கீரை ஆய்ந்த கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவவின்ரை நாய் போன மாசம் செத்ததெண்டு சொன்னனீங்களெல்லே?"

"ஓம்."

"பிறகென்ன. விழுகிற தாராவைத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேணும்தானே."

எனக்கு முகம் கறுத்துவிட்டது. இத்தனை பக்கத்தாலும் யோசித்த எனக்கு இது தோன்றவில்லையே என்ற எரிச்சல் வேறு. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"போறதெண்டாப் போங்கோ. நான் மறிக்கேல்லை. ஆனா துவக்கைத் தொடக்கூடாது."

"தொடமாட்டன்," என்றேன்.

எங்கள் தெருவில், ஒரேத்தோவில், பக்கத்து மாடிக்குக் காவல்காரனாக ஒரு மன்னார்ப் பெடியன் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், ஆனால் மனிதரைப் பற்றி என்னைவிட மோசமாக நினைக்கிறவன். அவனிடமும் கேட்டேன்.

"அண்ணை, அவ தப்பித்தவறி ஆரையும் சுட்டுப்போட்டா, பக்கத்திலை ஆர் நிண்டதெண்டு கேப்பாங்கள். ஒரு கறுவல் நிண்டான் எண்டு சொல்லுவாங்கள். அதுக்குத்தான் உங்களைக் கொண்டு போறா."

இப்படி என் சந்தேகத்துக்கு ஒன்றுக்கு மூன்று விளக்கம் கிடைத்த பிறகும் நான் போனேன். வேலைக்காரன் எத்தனை நாள் யோசித்துக்கொண்டிருக்க முடியும்? எந்த நாள் வசதி என்று சிஞ்ஞோரா கேட்டார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் முடியாது என்றேன். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை. தின்பது கிடக்கட்டும், செத்த தாராவைத் தொட்ட கையோடு சாமி விளக்கு வைக்க மனைவி விடமாட்டாள். சிஞ்ஞோரா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"சட்டப் புத்தகம் படித்துவிட்டாயா?"

இத்தாலியில் செவ்வாயும் வெள்ளியும் வேட்டையாடக்கூடாதாம். நாடு முழுக்க அப்படித்தானாம். என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். மன்னார்ப் பெடியன் தன் மாடியில் குடியிருக்கும் வேட்டைக்காரர் ஒருவரிடம் விசாரித்து, உண்மைதான் என்று வந்து சொன்னான். மனைவிக்கும் நம்பிக்கை வரவில்லை. "எங்கடை விரதம் இவங்களுக்கு ஆர் சொன்னது?" என்றாள். எது எப்படியோ, அன்றிலிருந்து சிஞ்ஞோரா என்னை விஷயம் தெரிந்த ஆள் என்று எண்ணத் தொடங்கிவிட்டார். விஷயம் தெரியாதவனுக்கு அதுவும் ஒரு தொல்லை.

ஏரி மலைகளுக்கு அப்பால் இருந்தது. காரில் ஏறியதும் முதலில் என் கண்ணில் பட்டது, கண்ணாடிக்குக் கீழே தொங்கிய நாயின் கழுத்துப் பட்டி. பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். விடிகிற நேரம், மூக்கு விறைக்கிற குளிர். நெஞ்சுவரை வருகிற ரப்பர் காற்சட்டை ஒன்றை எனக்குத் தந்தார். தம்பியுடையதாம். சிஞ்ஞோரா பைக்குள் இருந்து பிளாஸ்டிக் தாராக்களை எடுத்துத் தண்ணீரில் ஒவ்வொன்றாக மிதக்கவிட்டார். பிறகு இருவரும் நாணல் மறைவுக்குள் குந்தினோம். பேசக்கூடாது, அசையக்கூடாது, மேலே பார்க்கக்கூடாது, முகம் வெளுப்பாகத் தெரியுமாம். என் முகத்தில் அந்தக் கவலை இல்லை என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

தாராக்கள் வந்தன. நேரே வந்து இறங்கும் என்று பார்த்தால், இல்லை. ஒருமுறை சுற்றின. கீழே மிதப்பவை நம்முடைய ஆட்கள்தானா என்று பார்ப்பதுபோல இன்னொருமுறை சுற்றின. இரண்டு மட்டும் கூட்டத்தை விட்டுப் பிரிந்து காலை நீட்டி இறங்க வந்தன. சிஞ்ஞோரா எழும்பிச் சுட்டார். ஒன்று விழுந்தது. மற்றவை எங்கள் தலைக்கு மேலாலேயே திரும்பிப் போய்விட்டன.

"போனவை பழையவை. முன்பு யாரிடமோ சூடு வாங்கியிருக்கும். இனி எங்கேயும் இலகுவில் இறங்காது," என்றார்.

அந்தப் பழைய தாராக்களை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து நானும் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

விழுந்த தாராவை எடுக்க நான்தான் இறங்கினேன். மனைவி சொன்னது சரியாகப் போய்விட்டதே என்று உள்ளுக்குள் புகைந்தபடி இடுப்பளவு தண்ணீரில் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் சிஞ்ஞோராவும் இறங்கி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அடியில் குழி இருக்கிறது, தனியாகப் போகாதே என்றார். அதற்கும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமா என்று கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தேன்.

அந்தத் தாராவை எனக்கே தந்தார். மனைவி அதன் இறைச்சியைத் துண்டு துண்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் சட்டியில் போட்டாள். அப்படியும் சாப்பிடும்போது அவள் பல்லில் ஒன்று கடிபட்டது. எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். மிளகளவு இரும்பு.

"இதுவோ குண்டு?"

"ஓம். தாராவுக்கு இவ்வளவு காணும்."

அவள் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு ஜன்னலால் வெளியே எறிந்தாள். அதற்குப் பிறகு கறி தொடவில்லை.

இரண்டு மூன்று தரம் போய்வந்த பின் சிஞ்ஞோரா அடுத்த பேச்சைத் தொடங்கினார். நீயும் லைசென்ஸ் எடு, பக்கத்தில் சும்மா குந்தியிருக்கிற ஆள் எனக்கு வேண்டாம், சேர்ந்து சுடுகிற ஆள்தான் வேண்டும் என்றார். எனக்குப் பழைய சந்தேகம் முழுக்கத் திரும்ப வந்தது. துவக்கு ஒன்றை என் பேரில் பதியப் பார்க்கிறாரோ? லைசென்ஸ் கொடுப்பது குவெஸ்தூரா, பொலிஸ் தலைமையகம். பெர்மெஸ்ஸோ என்கிற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க அந்த வாசலில் நிற்கும்போதே பத்திரங்களை மூன்று தரம் எண்ணிப் பார்ப்பேன். அங்கே போய், ஐயா எனக்குத் துவக்கு வேண்டும் என்று கேட்பதா? முடியாது என்றேன்.

ஆனால் அந்த எண்ணம் என்னை விடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். இளம் வயதில் என்னையும் எத்தனையோ சாவடிகளில் சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். தோளைத் தடவி, முழங்கையைத் திருப்பி, முழங்காலைக் கூடப் பார்த்தார்கள். நான் எந்தப் பக்கத்துக்கும் துவக்குத் தூக்காதவன். தூக்கக்கூடாது என்றுதான் நாட்டைவிட்டே ஓடிவந்தேன். இல்லாத ஒன்றை என் உடம்பில் அத்தனை பேர் தேடினார்களே, அந்தச் சாமான் தோளில் எப்படித்தான் இருக்கும் என்று ஒருதரம் அறிய எனக்கு ஆசையாக இருந்தது. இந்த ஆசையை மனைவியிடம் சொல்ல முடியுமா? சொல்லாமல் போனேன்.

லைசென்ஸுக்கு முன்னால் துவக்கைக் கையாளப் பழக வேண்டும். அதற்கென்று ஒரு சுடுகளம் இருக்கிறது. பயிற்சி தருபவர் பொறுமையானவர். காறை எலும்புக்குக் கீழே, நெஞ்சும் கையும் சேரும் இடத்தில் ஒரு குழி இருக்கிறது, பிடியை அதற்குள் வைத்து இறுக்கி அணை என்று காட்டித் தந்தார். தலையாட்டினேன். ஆனால் என் தோள் கேட்கவில்லை. தோளில் அடையாளம் விழக்கூடாது, விழுந்தால் போச்சு என்று வளர்ந்த உடம்பு. என்னை அறியாமலே பிடியைத் தோளில் இருந்து ஒரு விரலளவு தள்ளிப் பிடித்துக்கொண்டு சுட்டேன். இறுக்கி அணைத்தால் துவக்கு தள்ளும், அவ்வளவுதான். இடைவெளி விட்டால் வந்து இடிக்கும். இடித்தது. அவர் "அணை, அணை" என்று கத்தக் கத்த நான் இன்னும் தள்ளித்தான் பிடித்தேன். வேறு எவனும் இப்படி ஒரு மடைத்தனம் செய்திருக்க மாட்டான். அடையாளத்துக்குப் பயந்தே அடையாளத்தை வாங்கிக்கொண்டேன்.

முடிந்ததும் சட்டைப் பொத்தானைத் திறந்து பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கண்டிப்போயிருந்தது. நடுவில் கறுப்பு, சுற்றிவர நீலம். பயிற்சியாளர் பார்த்துச் சிரித்தார். புதிதாக வருகிற எல்லோருக்கும் இதுதான் முதல் பதக்கம், ஐஸ் வை என்றார். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் அவசரமாகப் பொத்தானைப் பூட்டினேன். சந்தோஷமாகத் தோளைக் காட்டிக்கொண்டு நிற்கிற இடமும் உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் நான் திரும்பிப் போக வேண்டியது என் வீட்டுக்கு.

வீட்டில் பனியனைக் கழற்றவேயில்லை. குளித்துவிட்டு உள்ளேயே சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். படுக்கும்போதும் சட்டை. வலது கையால் மேல்தட்டுப் பாத்திரம் எடுக்காமல் இடது கையால் எடுத்தேன். இதையெல்லாம் கவனிக்காமல் இருக்க அவள் என்ன வெளியாளா? ஒன்றும் கேட்காமல் இரண்டு நாள் பார்த்தாள். தோய்க்கப் போட்ட என் சட்டையை மணந்து பார்த்ததை நான் கண்டேன். அவள் எதைத் தேடுகிறாள் என்று விளங்கியபோது சிரிப்பு வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் குசினியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சிஞ்ஞோரா எப்பிடி இருக்கிறா?"

"நல்லா இருக்கிறா."

"சேட்டைக் கழட்டுங்கோ."

"குளிருது."

"கழட்டுங்கோ எண்டு சொன்னன்."

இந்தச் சொல்லை நான் இளம் வயதில், சாவடிகளில், உடைந்த தமிழில், வேறு ஆட்களிடம் கேட்டிருக்கிறேன். என் விரல்கள் தாமாகவே பொத்தான்களைத் திறந்தன. ஏதோ ஒரு பொம்பிளையின் நகக்கீறலைத் தேடி வந்த அவளுடைய கண் அந்த நீலத்தில் போய் நின்றது.

அவள் கேட்கும் முன்பே நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லைசென்ஸ், சுடுகளம், தள்ளிப் பிடித்தது, இடித்தது. இனிப் போகமாட்டேன் என்றும் சொன்னேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு விரலைக் கொண்டுவந்து கண்டலின் நடுவில் மெதுவாக வைத்தாள்.

"இஞ்சையோ துவக்கு வைக்கிறது?"

"ஓம்."

"எல்லாரும் இஞ்சைதானோ? ஆமி, இயக்கம், எல்லாரும்?"

"ஓம். இந்தக் குழிக்குள்ளைதான் வைக்கேலும்."

"மேலை வைக்கிறேல்லையோ?" விரலைத் தோளின் உச்சிக்கு, கழுத்தோடு ஒட்டிய இடத்துக்குக் கொண்டு போனாள். "இஞ்சை?"

"அங்கை வைச்சா எப்பிடிச் சுடுறது? அது மூட்டை வைக்கிற இடம்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"அண்ணைக்கு மேலைதான் இருந்தது," என்றாள். "கழுத்துக்குக் கிட்ட. தடிச்சு, காய்ச்சுப் போய். இப்பிடி நீலமா இருக்கேல்லை."

நான் அடுப்பை அணைத்தேன்.

"மூட்டை தூக்கினதெண்டு நான்தானே அவங்களுக்குச் சொன்னனான். ஆனா சனம் கதைச்சதுகள். ஒண்டும் இல்லாமலோ பிடிச்சவங்கள் எண்டு கேட்டதுகள். அண்ணை சில நாள் பிந்தி வாறவர், எங்கை போனதெண்டு சொல்லமாட்டார். பிறகு பிறகு எனக்கும்..." நிறுத்தினாள். "எனக்கும் ஐமிச்சம் வந்திட்டுது. இவ்வளவு காலமும்."

இத்தனை வருடம் பக்கத்தில் படுத்திருந்தவள். துவக்கைக் கண்டால் அவள் எழும்பிப் போனது ஆமிக்காரர் மேலுள்ள கோபத்தால் என்றே நான் நினைத்திருந்தேன். யார் என்ன சொன்னாலும் உள்ளே ஒன்று இருக்கும் என்று பார்க்கிற எனக்கு, அண்ணன் மேலேயே அவளுக்கு இருந்த இந்தச் சந்தேகம் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

அவள் எழும்பி வந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு என்னைத் திருப்பி, அந்தக் கண்டலை மறுபடியும் பார்த்தாள். பிறகு சட்டையை எடுத்து என் தோளில் போட்டுப் பொத்தான்களைப் பூட்டிவிட்டாள்.

"அண்ணை மூட்டைதான் தூக்கினவர்," என்றாள்.