மாலையோடு மலையேறிய சிவப்பு வண்டி

காலை ஆறு மணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பினோம். வண்டி என்னுடையது: இரண்டே இருக்கை, மடக்கக்கூடிய மேற்கூரை, தரையோடு ஒட்டிய உடம்பு, நல்ல சிவப்பு. கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டி அலுத்ததை வாங்கி நான்கு மாதமாகிறது. நான் பல் டாக்டர். பக்கத்தில் இருந்தவர் என் கணவர் செல்வராஜ், மாட்டுத்தீவனக் கடைக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். இவர் கேட்கவில்லை, நிபந்தனை போட்டார்.

"பழனியில பூசை போட்டுட்டு அப்பிடியே கொடைக்கானல் ஏறி இறங்கி வரட்டும். நடுவழியில நின்னுச்சுன்னா, வித்த ஆளுகிட்டயே திருப்பிக் குடுத்துருவோம்."

விற்ற மனிதரும் மனசு மாறி, திரும்பக் கேட்டு வாரம் தவறாமல் போன் செய்துகொண்டிருந்தார்; இந்த நிபந்தனையை இவர் அவரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஆக, இவருக்கு இது சுற்றுலா, எனக்குப் பரீட்சை.

படிக்காமல் பரீட்சைக்குப் போகிறவள் இல்லை நான். டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்று பார்த்தேன். ஓடிச் சூடான டயரில் அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். டயரின் பக்கவாட்டில் அது தயாரான வாரமும் வருடமும் அச்சாகியிருக்கும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெயின்ட்டைத் தடவிப் பார்க்கும் முன் அதைப் படியுங்கள். இந்த மாதிரி வண்டிகள் பாதி ஆயுசை ஷெட்டிலேயே கழிப்பவை, தேயாமலே ரப்பர் கிழடாகிவிடும். கிளம்பியவுடன் விரட்டவும் கூடாது. எண்ணெய் சூடேறும் வரை பொறுமையாகப் போக வேண்டும்.

பழனிக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் வண்டியைச் சாய்த்துக் குறுக்காக ஏற்றினேன், ஒவ்வொரு சக்கரமாக ஏறினால்தான் அடிவயிறு உரசாது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே என்னைத் திட்டினார். ஆயக்குடியில் கொய்யா வாங்கினோம், கிலோ அறுபது ரூபாய். டிக்கியில் இரண்டு பெட்டி வைத்ததற்கே இடம் தீர்ந்துவிட்டதால் பை அவர் மடிக்கு வந்தது.

"கொய்யாப்பழம் வைக்க எடமில்ல, இதுக்குப் பேரு காரு" என்றார்.

பழனி அடிவாரத்தில் பூசை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, "இம்புட்டுத் தாழ்வா கெடக்கேம்மா, மாலைய எங்கிட்டுக் கட்ட?" என்றார். செல்வராஜே முன்வந்தார். முருகனுக்கு என்றால் அவருக்குக் கை தாராளம். கையளவு கனத்தில் செவ்வந்தி மாலை வாங்கி, முன்பக்கம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரட்டையாக மடித்து இழுத்துக் கட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அங்கிருந்து கொடைக்கானல் அறுபத்து நான்கு கிலோமீட்டர். வரதமாநதி அணை தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. மேற்கூரையைத் திறந்துவிட்டேன். மூங்கில், காப்பித் தோட்டம், மலைவாழை, வளைவுக்கு வளைவு பழனி சின்னதாகிக்கொண்டே போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதுதான் எஞ்சின் வெப்பமானியின் முள் சூட்டுப் பக்கம் நகர்ந்தது.

ஹீட்டரை முழுசாகத் திருகினேன். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் நம் பக்கம் இழுத்துக்கொள்ளும் வழி அது.

"எதுக்குடி என்னைய அவிக்கிற?"

"எஞ்சின் அவியாம இருக்கத்தாங்க."

அதற்கும் முள் மசியவில்லை. சவரிக்காட்டுக்கு முன்னால் அகலமான ஓரம் பார்த்து நிறுத்தினேன். ஆக, நடுவழியில் வண்டி நின்றுவிட்டது. அவர் போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை.

சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது, தண்ணீர் முகத்துக்குச் சீறும். பானெட்டைத் திறந்து காத்திருந்தேன். ஒழுகலும் இல்லை, ஃபேனும் சுற்றியது. கடைசியில் வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். தினமும் ஊரார் வாயைப் பார்க்கிற எனக்கு, என் வண்டியின் வாயைப் பார்க்க இவ்வளவு நேரமாகியிருக்கிறது. காற்று உள்ளே போகிற வழி முழுவதையும் மாலை அடைத்திருந்தது. ஓட்டத்தில் பூவெல்லாம் உள்பக்கம் அழுந்தி மெத்தையாகிக் கிடந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க."

அவரும் குந்திப் பார்த்தார்.

"சாமி மாலை. வீடு போய்ச் சேராம கழட்டக் கூடாது" என்றார்.

"கழட்டலைன்னா வண்டி வீடு போய்ச் சேராதுங்க."

கழற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. கட்டியது அவர் கை. வண்டி இங்கேயே கிடந்தால் பந்தயமும் அவருக்குத்தான். ஆனாலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். கீழே போடக் கூடாது, மடியில் கொய்யா, டிக்கியில் இடமில்லை. மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகு முள் நடுவிலேயே நின்றது. பெருமாள்மலையில் டீக்கடை அம்மா எங்களை மேலும் கீழும் பார்த்து, "கல்யாணம் முடிஞ்சு நேரா வர்றீங்களாங்க?" என்றார். "ஆமா, முப்பது வருசம் முந்தி" என்றார் இவர். வண்டி நின்றதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. வண்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறாரா என்று கொடைக்கானல் அறையில் கேட்டே விட்டேன்.

"நின்னது நின்னதுதான?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை ஏரிப்பக்கம் பனி இன்னும் விலகவில்லை. எங்கள் ஊர் தூசி ஒரு நாளில் வண்டியின் நிறத்தை மாற்றிவிடும். இங்கே சிவப்பு கழுவிவிட்டது போலிருந்தது. வெளியே வந்தால், தன் துண்டால் கண்ணாடிப் பனியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் செல்வராஜ். வாடின மாலை இன்னும் கழுத்தில். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால் தீய்ந்துவிடும், சின்ன கியரில்தான் இறங்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அடித்தது. கோயம்புத்தூர்க்காரர்.

"ஆமாங்க, நின்னுச்சு. அதோட வாயை நாந்தான் கட்டிப்புட்டேன், அது என்ன செய்யும்?" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லைங்க, குடுக்கிறதா இல்ல. ரெண்டு பேரு போற வண்டி. நாங்க ரெண்டு பேரு இருக்கோம்."

கொய்யாப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.