கோகிலவாணியின் நாலு நொடி

கோகிலவாணிக்கு நாற்பத்தாறு வயது. வீடு பரமத்தி வேலூரில், வேலை நாமக்கல்லுக்கு வெளியே இருக்கும் ஒரு கோழித்தீவன ஆலையில். முட்டைக்கோழிக்கு எந்த வாரத்தில் எந்தத் தீவனம், அதில் மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கலவை எழுதிக் கொடுப்பது அவர்தான். பத்தொன்பது வருடங்களாக இதைச் செய்கிறார். "முட்டை ஓடு மெலிசா வருதுங்க" என்று பண்ணைக்காரர் போனில் சொன்னால் போதும், எது குறைகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். ஒரு கோழியைக் கையில் பிடிக்கச் சொன்னால் மட்டும் முடியாது. கொத்திவிடும் என்று பயம்.

போன ஜூன் மாதம் வேலூர் பஸ் நிலையத்தில் நாமக்கல் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்து வலது கணுக்காலை உடைத்துக்கொண்டார். கணவர் தங்கமுத்துவுக்கு வாழைத் தோட்டம். தகவல் தெரிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தவர், மனைவியின் கட்டிலருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "பூவன் தோலா புள்ள, கற்பூரவள்ளியா?" என்பதுதான்.

"பாத்துட்டு விழுகலீங்க" என்றார் கோகிலவாணி.

எட்டு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஆலை முதலாளி அர்த்தநாரிக்கு எட்டு நாள்கூடத் தாங்காது. கலவை எழுதும் மென்பொருள் ஆலை அலுவலகத்தில் உள்ள ஒரே ஒரு கணினியில்தான் இருந்தது. பழைய விண்டோஸ் கணினி. வீட்டிலிருந்தே அதை இயக்க ரிமோட் டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்துச் சுகன்யா யோசனை சொன்னாள். கோகிலவாணியின் வீட்டில் மகள் இனியா விட்டுவிட்டுப் போன ஆப்பிள் மடிக்கணினி இருந்தது. இனியா சென்னையில் வேலை பார்க்கிறாள். சுகன்யா போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகக் கணினியின் திரை கோகிலவாணியின் மடியில் வந்து இறங்கியது.

வந்ததே தவிர, நகரவில்லை. சுட்டியை இழுத்தால் அம்புக்குறி யோசித்துப் பார்த்துவிட்டு நாலு நொடி கழித்துக் கிளம்பியது. ஒரு எண்ணைத் தட்டினால் நாலு நொடி. ஒரு பட்டியலைத் திறந்தால் நாலு நொடி. சும்மா இருக்க முடியாமல் கோகிலவாணி பக்கத்தில் ஒரு முறம் நிலக்கடலையை வைத்துக்கொண்டார். ஒரு கிளிக், ஒரு கடலை உரிப்பு. அந்த வாரக் கடைசியில் கலவைகள் மூன்றுதான் முடிந்திருந்தன; கடலை முழுவதும் முடிந்திருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஆலையின் கலவை எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மதியழகன் போன் செய்தார்.

"அக்கா, இப்ப வந்த கலவை கோழிக்குத்தானுங்களா?"

"ஆமா. ஏன் கேக்கறீங்க?"

"டன்னுக்கு முன்னூத்தி முப்பத்தி மூணு கிலோ உப்புன்னு வந்திருக்குதுங்க. ஊறுகா ஏதாச்சும் போடறாங்களோன்னு கேட்டேனுங்க."

தான் அனுப்பியதைக் கோகிலவாணி மறுபடி திறந்து பார்த்தார். உப்பு டன்னுக்கு மூன்று கிலோ. மூன்றைத் தட்டியிருக்கிறார், திரையில் வரவில்லை. மறுபடி தட்டியிருக்கிறார், அப்போதும் வரவில்லை. மூன்றாவது தரம் தட்டிவிட்டுக் கடலையை எடுக்கத் திரும்பியபோது மூன்றும் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. மதியழகன் கேட்காமல் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு, இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தார்.

தங்கமுத்துவுக்குக் காரணம் முதல் நாளே தெரிந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருக்கும் வாழைதான் சிக்னலை மறைக்கிறது என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போய், பதினோரு மரத்தில் இலையை அறுத்துத் தள்ளினார். தாமதம் அப்படியே இருந்தது. அறுத்த இலை வீணாகக் கூடாது என்று நாலு நாளைக்கு வீட்டில் காப்பி டம்ளரைக்கூட இலை போட்டுத்தான் வைத்தார்கள். பிறகு அவர் இன்டர்நெட் பெட்டியைக் கொண்டுபோய் மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தார். அதற்கும் அசையவில்லை.

"இது ஆப்பிளு, அது விண்டோஸு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்ல போலிருக்குது" என்றார் கடைசியாக.

கோகிலவாணி வேறு வழியில் யோசித்தார். கோழி திடீரென்று முட்டை இடுவதைக் குறைத்தால் அவர் தீவனத்தில் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றமாட்டார். ஒவ்வொரு பொருளாக எடுத்துவிட்டுப் பார்ப்பார். எதை எடுத்தபோது கோழி தேறுகிறதோ அதுதான் குற்றவாளி. இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு நோட்டில் சந்தேகங்களை வரிசையாக எழுதிக்கொண்டார்.

முதலில் இனியாவை வீடியோவில் கூப்பிட்டார். மகளின் முகம் தெளிவாக, தடங்கல் இல்லாமல் தெரிந்தது. ஆக, வீட்டு இன்டர்நெட் குற்றவாளி இல்லை. நோட்டில் அதை அடித்தார்.

"ஏன் கண்ணு, சென்னையில இருக்கற நீயே பேசப் பேசத் தெரியற. இருபது கிலோமீட்டர்ல இருக்கற நாமக்கல்லு வரதுக்கு நாலு நொடி ஆகுது."

"அம்மா, அந்த லேப்டாப் ஸ்கிரீன்ல புள்ளி ரொம்ப அதிகம். அத்தனை புள்ளிக்கும் அங்கிருந்து படம் வரணுமில்ல. கொறச்சு வைங்க."

இனியா சொன்னபடி புள்ளிகளைக் குறைத்தார். நிறங்களின் தரத்தையும் குறைத்தார். திரை கொஞ்சம் மங்கலானது. நாலு நொடி மூன்றானது. சந்தோஷமாக இருந்தாலும் மூன்று நொடியும் ஒரு கடலைக்கான நேரம்தான்.

அடுத்து, இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி நுழைந்தார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். கடவுச்சொல் கேட்கும் திரையில் எழுத்துகள் தட்டியதும் விழுந்தன. உள்ளே போய் முகப்புத் திரை வந்ததும் மறுபடி இழுவை. கலவை மென்பொருளின் சின்ன ஜன்னல் நடுவில் மட்டும் நிற்கும்; அதைப் பெரிதாக்க முடியாது, வேறெதுவும் அதன் பின்னால் விரிந்து நிற்கவும் விடாது. அதனால் கணினியிலேயே எழுத இருக்கும் வெற்று நோட்பேடைத் திறந்து திரை முழுவதையும் மூடும்படி விரித்தார். சொன்னால் நம்பமாட்டார்கள், எழுத்துகள் குதிரை மாதிரி ஓடின. நோட்பேடைச் சுருக்கினார். குதிரை படுத்துவிட்டது. நாலு தரம் விரித்தும் சுருக்கியும் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார்: "பின்னால் இருப்பது எதுவோ."

பின்னால் இருந்தது ஒரு அருவியின் படம். உடனே சுகன்யாவுக்குப் போன் போட்டார்.

"சுகன்யா, அங்க ஸ்கிரீன்ல பின்னால என்ன இருக்குது?"

"அருவிக்கா."

"எனக்கும் அருவிதான் தெரியுது. படந்தானே அது?"

"படமில்லக்கா. ஓடுது."

"ஓடுதா?"

"ராத்திரி பகலா ஓடுதுக்கா. சத்தம்கூட வரும், நாந்தான் அமத்தி வச்சிருக்கறேன்."

கோகிலவாணிக்கு எல்லாம் புரிந்தது. அங்கே தெறிக்கும் ஒவ்வொரு துளியையும் அந்தப் பழைய கணினி படம் பிடித்து வேலூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அவர் தட்டிய எழுத்து அவ்வளவு தண்ணீரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியில் நடந்து வருகிறது. அருவியும் திணறித் திணறி வந்ததால்தான் அவருக்கு அது வெறும் படமாகத் தெரிந்திருக்கிறது.

"யாரு வச்சது?"

சுகன்யா குரலைத் தாழ்த்தினாள். "ஐயாதானுங்கக்கா."

அர்த்தநாரியை அழைத்தார். அவர் ஒப்புக்கொள்வதில் தயக்கம் காட்டவில்லை.

"ஆமா அம்மிணி, நாந்தான் வெக்கச் சொன்னேன். நீங்க விழுந்தீங்கள்ல, மறுநாளே வாஸ்துக்காரரக் கூட்டியாந்து பாத்தேன். ஆபீசுல ஒருத்தருக்குக் கால் ஒடஞ்சுதுன்னா ஈசானிய மூலையில தண்ணி ஓடலைன்னு அர்த்தமாம். நம்ம கம்ப்யூட்டர் அந்த மூலையிலதானே இருக்குது. அதுலயே ஓட விட்டுட்டேன்."

"எனக்காகவாங்க?"

"உங்க காலுக்காக. இப்ப எப்படி இருக்குது காலு?"

"பரவாயில்லைங்க. வீக்கம் வத்திருச்சுங்க."

"பாத்தீங்களா" என்றார் அர்த்தநாரி.

கோகிலவாணிக்குச் சிரிப்பதா, நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. இவ்வளவு வருடத்தில் முதலாளி தனக்காகச் செய்த மிகப் பெரிய காரியம் இதுவாகத்தான் இருக்கும். அதைத்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்னூற்று முப்பத்து மூன்று கிலோ உப்பைப் பற்றிச் சொன்னார். அர்த்தநாரி திடுக்கிட்டார். ஆனால் கால் முழுசாகச் சேரும்வரை அருவியை நிறுத்த மனம் வரவில்லை.

"பாதியில நிறுத்துனா எலும்பு கோணலாச் சேந்துக்கிட்டா என்ன பண்றது அம்மிணி?"

கோகிலவாணி மனசுக்குள் கணக்குப் போட்டார். வாஸ்துவை எதிர்த்தால் மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கோழிக்கு ஒரு பொருள் கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக வேறொன்றைப் போடுவதுதானே தொழில்.

"ஐயா, அது கரண்டுல ஓடற தண்ணிதானுங்களே. கரண்டு போனா தண்ணியும் நின்னுருதுங்க. நெசத் தண்ணியா இருந்தா இன்னும் நல்லதில்லீங்களா?"

"அவரக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அர்த்தநாரி போனை வைத்துவிட்டார்.

வாஸ்துக்காரர் உடனே சம்மதித்தார். நிஜத் தண்ணீருக்குப் பலன் அதிகம், அதில் மீன் நீந்தினால் இன்னும் அதிகம், எட்டு சிவப்பு, ஒன்று கறுப்பு. மறுநாளே அர்த்தநாரி சேலத்துக்குப் போய் ஒரு மீன்தொட்டி வாங்கி, அதைக் காரின் முன் இருக்கையில் வைத்து சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்தார். மீன்கள் பின் இருக்கையில் டிரைவரின் மனைவி மடியில் வந்தன. தொட்டியை ஈசானிய மூலையில் வைக்க வேண்டியிருந்ததால் கணினி மேசை எதிர்ச் சுவருக்குப் போனது. சுகன்யா அருவியை அணைத்துவிட்டு வெறும் நீல நிறத்தைப் போட்டாள்.

வேலூரில் கோகிலவாணி உப்புக் கட்டத்தில் மூன்றைத் தட்டினார். மூன்று விழுந்தது. அழித்தார். அழிந்தது. மறுபடி தட்டினார். தங்கமுத்து வந்து எட்டிப் பார்த்தபோது அவர் இதையே ஏழெட்டுத் தரம் செய்துகொண்டிருந்தார்.

"செரியாப் போச்சா?"

"போச்சுங்க."

"வாழையிலைய அறுத்தது இப்பத்தான் வேல செய்யுது" என்று சொல்லிவிட்டு அவர் தோட்டத்துக்குப் போனார். கோகிலவாணி அடுத்த கலவையைத் திறந்தார்.

ஆகஸ்ட் மாதம் காலின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நேராகவே சேர்ந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை மெதுவாக நடந்து பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனார். வரவேற்க யாரும் இல்லை. அர்த்தநாரி, சுகன்யா, மதியழகன் மூவரும் முதுகைக் காட்டியபடி தொட்டியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். கறுப்பு மீன் பந்து மாதிரி உப்பியிருந்தது.

"சினைதானுங்க" என்றார் மதியழகன்.

"வாயுவா இருக்கும்" என்றாள் சுகன்யா.

அர்த்தநாரி திரும்பிப் பார்த்தார். "வாங்க அம்மிணி. நல்ல நேரத்துல வந்தீங்க. இது சினையா, நோவா, நீங்களே சொல்லுங்க."

கோகிலவாணி கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு வந்து பார்த்தார். தொட்டியின் அடியில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. அது என்னவென்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இதுக்கு என்ன போடறீங்க?"

மதியழகன் கையில் வைத்திருந்த ஒரு பிடி முட்டைக்கோழித் தீவனத்தை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.